எத்தனை நிகழ்ச்சிக்குப் போனால் போதும்?

திரை விலகுகிறது. மேடையில் பதினைந்து பிள்ளைகள், மூன்று வரிசை. பாட்டு தொடங்கிவிட்டது, வாயெல்லாம் அசைகிறது. இடது ஓரத்தில் நிற்கும் ஒரு சிறுமியின் கண் மட்டும் அரங்கின் இருட்டுக்குள் வரிசை வரிசையாகத் துழாவிக்கொண்டிருக்கிறது. கையை எப்போது தூக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. முதல் சரணம் முடிவதற்குள் எங்கோ ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. தோள் இறங்குகிறது, கை மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தெரியாத இடத்தில் தெரிந்த முகத்தைத் தேடும் இந்தப் பழக்கம் பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஒரு வயதுக் குழந்தையை ஒரு மேசைமேல் தவழ விட்டார்கள். மேசையின் பாதியில் கெட்டியான பரப்பு, மீதிப் பாதியில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே சிறிய பள்ளம் தெரியும். மறுமுனையில் அம்மா. பள்ளத்தின் விளிம்புக்கு வந்த குழந்தை நின்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடந்து வரவில்லை. பள்ளி மேடை என்பது அந்தக் கண்ணாடி மேசையின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லா நிகழ்ச்சிக்கும் போய்விட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பள்ளியின் வாட்ஸ்ஆப் குழுவில் வரும் அழைப்புகளை ஓர் ஆண்டுக்கு எண்ணிப் பாருங்கள். ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, வகுப்பு நிகழ்ச்சி, பேச்சுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் கூட்டம், நடுவில் திடீரென்று ஒரு “வாசிப்பு வாரம்”. பெரும்பாலும் வேலை நாள், அதுவும் காலை பத்து மணி. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு மடங்கு. லீவ் எடுக்க முடிகிற வேலையில் இருப்பவரே திணறுகிறார். லீவ் எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்கிற நிலையில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் “எத்தனை தடவை போனால் போதும்?” என்ற கேள்வி வருகிறது. ஓர் எண் கிடைத்தால் மனசு ஆறும்.

அந்த எண்ணை நான் தேடிப் பார்த்தேன். ஆய்வுகளில் அது இல்லை. ஆனால் அது ஏன் இல்லை என்று பார்த்ததில் உருப்படியான சில விஷயங்கள் கிடைத்தன.

மதிப்பெண்ணை வைத்து அளந்தால்

பெற்றோர் பள்ளியோடு எந்தெந்த விதத்தில் தொடர்பு வைக்கிறார்கள் என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் ஆறு வகையாகப் பிரித்தார். 1995-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. வளர்ப்பு, பள்ளியோடு பேச்சுவார்த்தை, தன்னார்வ உதவி, வீட்டில் படிப்பு, பள்ளி முடிவுகளில் பங்கு, ஊரோடு சேர்ந்து செயல்படுவது என்று ஆறு. நாம் இங்கே பேசுகிற “போய் உட்கார்ந்து பார்ப்பது” இதில் ஒரு வகைக்குள் அடங்கிவிடும் சின்னத் துண்டு. மீதி ஐந்து வகைக்கு யாரும் குற்ற உணர்வு கொள்வதாகத் தெரியவில்லை. விழாவுக்குப் போகாததற்கு மட்டும் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

வில்லியம் ஜெய்ன்ஸ் 2005-இல் 41 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். எல்லாமே நகர்ப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பற்றியவை. பெற்றோரின் ஈடுபாட்டுக்கும் படிப்புக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அதில் கனமாக நின்றவை, பிள்ளைமேல் வைக்கும் எதிர்பார்ப்பும் அன்போடு கலந்த கண்டிப்பும்தான். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வருவது, வீட்டில் சட்டம் போடுவது போன்ற வெளியே தெரிகிற விஷயங்கள் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து நான்சி ஹில்லும் டயானா டைசனும் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அங்கே முதலிடம் வேறொன்றுக்கு: படிப்பு எதற்கு, அது எங்கே கொண்டுபோகும், உனக்கு என்ன பிடிக்கிறது என்றெல்லாம் வீட்டில் நடக்கிற பேச்சு. பள்ளிக்கு நேரில் போவதற்கும் ஓரளவு பலன் தெரிந்தது. வீட்டுப்பாடத்தில் உதவியது எதிர்த் திசையில் நின்றது.

2014-இல் கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிஸும் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள். பெற்றோர் ஈடுபாட்டுக்கு 63 அளவுகோல்களை எடுத்து, அமெரிக்காவின் பெரிய தரவுத் தொகுப்புகளில் பல ஆண்டுக் கணக்கை ஓட்டிப் பார்த்ததில், பெரும்பாலானவை மதிப்பெண்ணை நகர்த்தவில்லை, சில எதிர்மறையாகவும் வந்தன என்றார்கள். அந்த முடிவு பல பேருக்குப் பிடிக்கவில்லை.

இந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஒரு பிள்ளை வகுப்பில் தடுமாறினால் அதன் அம்மாவைப் பள்ளி அடிக்கடி கூப்பிடும். கணக்கில் அது “அடிக்கடி பள்ளிக்கு வரும் அம்மா, குறைந்த மார்க் வாங்கும் பிள்ளை” என்று பதிவாகும். வந்ததால் மார்க் குறையவில்லை, மார்க் குறைந்ததால் வந்தார். மறுபக்கம், பகலில் ஓய்வாக விழாவுக்கு வர முடிகிறவரின் வேலையும் வருமானமும் வேறு மாதிரி இருக்கும். அவர் பிள்ளை நன்றாகப் படித்தால், பெருமை விழாவுக்கா வருமானத்துக்கா? பிரித்துப் பார்ப்பது லேசில்லை. இதையெல்லாம் தாண்டி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கணக்கில் பத்து மார்க் கூடும் என்று நினைத்து யாராவது பிள்ளையின் நாடகம் பார்க்கப் போகிறார்களா? விழாவின் பலனை மதிப்பெண்ணில் தேடுவது, கல்யாணத்துக்குப் போனதால் உடம்பு எடை குறைந்ததா என்று பார்ப்பது மாதிரி.

எல்லா அழைப்பும் ஒன்றல்ல

பள்ளி அனுப்பும் எல்லா அழைப்பும் ஒரே மாதிரித் தாளில், ஒரே மாதிரி “தங்கள் வருகை அவசியம்” என்ற வரியோடு வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று நினைத்துவிடுகிறோம்.

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் தனி ரகம். அதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். வேடிக்கை என்னவென்றால் ஆண்டு விழாவுக்கு இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறவர்கள், இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு அலுத்துக்கொள்கிறார்கள். கைதட்டல் இல்லை, புகைப்படம் இல்லை, வரிசையில் நின்று பத்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தையும் மார்க் பற்றிப் பேசியே தீர்த்துவிடுகிறோம். மார்க் அட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் இல்லாததைக் கேட்க ஆசிரியரை விட்டால் வேறு ஆள் கிடையாது. இடைவேளையில் யாரோடு இருக்கிறாள்? தனியாகவா? புரியவில்லை என்றால் கை தூக்குகிறாளா, பேசாமல் எழுதிக்கொள்கிறாளா? யாராவது கிண்டல் செய்தால் என்ன செய்கிறாள்? “கிளாஸ்ல ரொம்ப அமைதிங்க” என்று ஆசிரியர் சொல்லும்போது, வீட்டில் வாயாடும் பிள்ளையை நினைத்துப் பெற்றோர் திடுக்கிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திடுக்கிடலுக்காகவே போகலாம்.

அடுத்தது பிள்ளை ஏதாவது செய்து காட்டுகிற நிகழ்ச்சி. பாட்டு, ஓட்டம், நாடகம், கண்காட்சி மேசை. இதில் பிள்ளையின் விருப்பம்தான் தீர்ப்பு. பின்னால் வருகிறேன்.

மூன்றாவது ரகத்தில் பெற்றோர் வெறும் தலைக்கணக்கு. சிறப்பு விருந்தினருக்குக் கூட்டம் காட்ட வேண்டும், நாற்காலி நிரம்ப வேண்டும், நிதி திரட்ட வேண்டும். நேரம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

பார்க்க ஆள் இருந்தால் நன்றாக வருமா?

அப்பா வந்தால் பையன் நன்றாக ஓடுவான் என்று நம்புகிறோம். எப்போதும் அப்படி இல்லை. சைக்கிள் ஓட்டப் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்பதை நார்மன் டிரிப்லெட் 1898-லேயே கவனித்து எழுதினார். பிறகு பலரும் சோதித்ததில் சிலருக்குக் கூடியது, சிலருக்குக் குறைந்தது. ராபர்ட் ஜயான்ஸ் 1965-இல் இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடை சொன்னார். நன்றாகப் பழகிய வேலை என்றால் பார்வையாளர் இருப்பது கைகொடுக்கும், இன்னும் கைவராத வேலை என்றால் கெடுக்கும். இதை அவரும் சக ஆய்வாளர்களும் 1969-இல் கரப்பான்பூச்சிகளை வைத்தே காட்டினார்கள். பார்வையாளர்களும் கரப்பான்பூச்சிகள்தான். நேர்ப்பாதையில் பார்வையாளர் முன்னால் ஓடிய கரப்பான் வேகமாக ஓடியது, வளைந்து போக வேண்டிய பாதையில் தடுமாறியது.

இதைவிட எனக்குச் சுருக்கென்று பட்டது ஜெனிஃபர் பட்லரும் ராய் பாமைஸ்டரும் 1998-இல் வெளியிட்டது. கடினமான வேலையை, தன்மேல் அக்கறையுள்ள பார்வையாளர் முன்னால் செய்தவர்கள், அக்கறையில்லாதவர் முன்னால் செய்தவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். ஆனால் அவர்களையே கேட்டால், வேண்டியவர்கள் இருந்ததுதான் உதவியாக இருந்தது, பதற்றம் குறைந்தது என்றார்கள். நிதானமாகப் படித்தால் இரண்டுமே உண்மை. நம் பிள்ளையின் பாட்டில் சுருதி இறங்கலாம், அதே வேளையில் நாம் வந்தது அதற்கு ஆறுதலாகவும் இருக்கலாம். எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்தால் இதில் முரண்பாடு இல்லை.

நடைமுறையில் இதற்குப் பொருள் ஒன்றே. முதல்முறை மேடை ஏறும் பிள்ளை, நேற்றுத்தான் வரி மனப்பாடம் செய்த பிள்ளை, இவர்களைப் பார்த்துக் கையாட்டாதீர்கள், உதட்டை அசைத்து வரி எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குத் தெரிகிற இடத்தில் சும்மா இருந்தால் போதும்.

விளையாட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று “லெஃப்ட்ல போ! பந்தைப் பாஸ் பண்ணு!” என்று கத்தும் அப்பாக்களை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். கமில்லா நைட்டும் சக ஆய்வாளர்களும் இளம் டென்னிஸ் வீரர்களிடமே, பெற்றோர் எப்படி நடந்துகொண்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டு 2010-இல் எழுதினார்கள். பிள்ளைகள் சொன்னது தெளிவாக இருந்தது: ஆட்ட நுணுக்கம் சொல்லித்தர வேண்டாம், அதற்குக் கோச் இருக்கிறார். எப்படி முயன்றேன், எப்படி நடந்துகொண்டேன் என்பதைப் பற்றிச் சொல்லுங்கள். தண்ணீர், நேரம், சாப்பாடு இதையெல்லாம் நினைவுபடுத்துங்கள். கடைசியாக ஒன்று: வாய் “பரவாயில்லை” என்று சொல்லும்போது முகம் வேறு எதையும் சொல்லக் கூடாது. அந்தக் கண்ணாடி மேசைக் குழந்தை வளர்ந்து ராக்கெட் பிடித்த பிறகும் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பற்றிப் பயிற்சியாளர்கள் அலுக்காமல் சொல்வார்கள். தோற்ற பிள்ளை வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும், தப்பிப் போக இடமிருக்காது. அந்த இருபது நிமிடம் முழுக்க ஆட்டத்தை அலசினால், அடுத்த முறை பிள்ளை “நீங்க வர வேணாம்பா” என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கையில் போன் இருந்தால் வந்ததாகக் கணக்கா?

ஒரு விளையாட்டு விழாவில் என் மகளின் நூறு மீட்டர் ஓட்டத்தை முழுசாக வீடியோ எடுத்தேன். வேலியோரம் எக்கி நின்று, முன்னால் இருந்தவரின் தொப்பியைத் தவிர்த்து, கை நடுங்காமல் எடுத்தேன். நல்ல வீடியோ. மூன்றாவதாக வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு நொடி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஓடி முடிச்சதும் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்க போனைப் பார்த்துட்டு இருந்தீங்க.” திரையில் அவள் முகம் பெரிதாகத்தான் தெரிந்தது. அவள் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது என் முதுகுத்தண்டு வளைந்த உருவமும் ஒரு கறுப்புச் செவ்வகமும்.

எடுப்பவருக்கும் இதில் நட்டம் உண்டு. லிண்டா ஹெங்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு, தாங்கள் படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே கண்ணால் பார்த்த பொருள்கள்தான் நன்றாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை கையைக் கழுவிவிடுகிறது போலும். ஆரம்பத்தில் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் பையில் போடுவது என்று இப்போது வைத்திருக்கிறேன். முழுசாகக் கடைப்பிடிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

“பார்க்கலாம்” என்ற சொல்

எண்ணிக்கை என்பது பெற்றோர் போடுகிற கணக்கு. பிள்ளை போடுகிற கணக்கு வேறு. ஓர் ஆண்டில் அம்மா ஆறு நிகழ்ச்சிக்கு வந்தார் என்பதை எந்தப் பிள்ளையும் எண்ணி வைப்பதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன அந்த ஒன்றை எண்ணி வைக்கும், முப்பது வயதிலும் சொல்லும்.

இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது “பார்க்கலாம்” என்ற சொல்லால்தான். பெரியவர்களுக்குள் “பார்க்கலாம்” என்றால் முடியாது என்பதன் நாகரிகமான வடிவம். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த அகராதி கிடையாது. “அப்பா வரேன்னு சொன்னாரு” என்று வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறும். “வரப் பார்க்கிறேன்”, “மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சா வந்துடுவேன்”, “கடைசியிலயாவது வந்துடுறேன்” எல்லாம் இதே குடும்பம். மேடையில் நிற்கும் பிள்ளைக்கு இவை அனைத்தும் நிகழ்ச்சி முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும் கட்டளை. தொடக்கத்தில் பார்த்த சிறுமிக்கு முதல் சரணத்திலேயே முகம் கிடைத்துவிட்டது. “பார்க்கலாம்” என்று கேட்டுவிட்டு வந்த பிள்ளை கடைசிச் சரணம்வரை தேடும்.

அதனால் முதல் நாள் இரவே நேராகச் சொல்லிவிடுவது நல்லது: “நாளைக்கு வரேன்” அல்லது “நாளைக்கு என்னால வர முடியாது.” இரண்டாவதைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும். பிள்ளை அழலாம், முறைத்துக்கொண்டு தூங்கப் போகலாம். அந்த அழுகை வீட்டுக்குள் நம் பக்கத்தில் நடக்கிறது, தேற்றவும் நாம் இருக்கிறோம். சொல்லாமல் விட்டால் அது மேடைக்குப் பின்னால், மேக்கப்போடு, தனியாக நடக்கும்.

வர முடியாதபோது செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஒத்திகையை வீட்டுக் கூடத்தில் ஒருமுறை முழுசாக உட்கார்ந்து பார்க்கலாம். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யாரையாவது அனுப்பலாம், யார் வருகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடலாம். மாலையில் “எப்படி இருந்துச்சு?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். “அந்த மூணாவது வரியில மூச்சு விடணும்னு மிஸ் சொன்னாங்களே, விட்டியா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி, நிகழ்ச்சிக்கு முன்பே நாம் கவனித்துக்கொண்டிருந்தோம் என்பதற்குச் சாட்சி.

எல்லன் கலின்ஸ்கி 1999-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்: அம்மாவின் வேலை உன் வாழ்க்கையைப் பாதிக்கிற விதத்தில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்? பிள்ளை என்ன சொல்லும் என்று பெற்றோரிடமும் கேட்டார். “இன்னும் நேரம் வேண்டும் என்று கேட்கும்” என்று ஊகித்த பெற்றோர் 56 சதவீதம். அம்மாவோடு கூடுதல் நேரம் வேண்டும் என்று உண்மையில் சொன்ன பிள்ளைகள் 10 சதவீதம். அம்மா இவ்வளவு களைப்பும் டென்ஷனுமாக இல்லாமல் இருந்தால் போதும் என்றவர்கள் 34 சதவீதம். மேலதிகாரியிடம் சண்டை போட்டு, டிராஃபிக்கில் திட்டிக்கொண்டே வந்து, வேர்த்து வழிய நாற்காலியில் விழுந்து, அரை மணிக்கு ஒருதரம் கடிகாரம் பார்க்கும் வருகையை அந்த 34 சதவீதத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

“வர வேணாம்” என்று சொல்லும் வயது

சின்ன வகுப்பில் பிள்ளை பள்ளி வாசலிலிருந்தே கூப்பிட்டுக் காட்டும், “அதோ எங்கம்மா!” பன்னிரண்டு பதிமூன்று வயதில் அதே பிள்ளை, அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்துக் காணாதது மாதிரி நடக்கும். அப்போது சொல்லும் “வர வேணாம்” என்பதை ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நேரம் அது நிஜமாகவே வர வேணாம்தான்: நண்பர்கள் முன்னால் நெற்றியில் முத்தம் கொடுத்துவிடுவீர்களோ என்ற பயம். சில நேரம் “வாங்க, ஆனா முன்வரிசையில் உட்காராதீங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க” என்று பொருள். இன்னும் சில நேரம், எப்படியும் வர மாட்டீர்கள் என்று தெரிந்து, ஏமாறுவதற்கு முன்பே தானே கதவைச் சாத்திக்கொள்வது. மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஒருமுறை “பின்னாடி ஓரமா உட்கார்ந்துட்டுப் போயிடறேன், சரியா?” என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தோளைக் குலுக்கி “உங்க இஷ்டம்” என்றால், போய்விடுங்கள்.

பெற்றோர் ஈடுபாடு என்றாலே கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கையை ஈவா பொமரான்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் அலசினார்கள். எவ்வளவு என்பதைவிட எப்படி, யாருக்கு, எதற்காக என்பதைப் பார்க்கச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் விட்டு வரும் பெற்றோருக்கும், எல்லாவற்றையும் தன் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோருக்கும் வருகைப் பதிவேட்டில் ஒரே டிக்தான்.

வராதவர்கள்

ஆசிரியர் அறையில் சில பெற்றோருக்கு “வராதவர்கள்” என்று பெயர். அக்கறை இல்லாதவர்கள் என்று அதற்கு அர்த்தம் வைக்கிறார்கள். கேத்லீன் ஹூவர்-டெம்ப்சியும் ஹோவர்ட் சாண்ட்லரும் தொண்ணூறுகளில் உருவாக்கிய கோட்பாடு இந்த அர்த்தத்தைக் கேள்வி கேட்கிறது. பெற்றோர் பள்ளிப் பக்கம் வருவதும் வராததும், இது தன் வேலை என்று நினைக்கிறாரா, தன்னால் ஏதும் ஆகும் என்று நம்புகிறாரா, யாராவது மனதார அழைத்தார்களா என்பவற்றைப் பொறுத்தது என்கிறார்கள் அவர்கள். இரண்டாவது காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சின்ன வயதில் பள்ளியில் திட்டு மட்டுமே வாங்கியவருக்கு, நாற்பது வயதிலும் தலைமை ஆசிரியர் அறை வாசலில் கை தானாகக் கட்டிக்கொள்ளும். “வந்தா ஏதாவது குறை சொல்வாங்க” என்று பிள்ளையின் பாட்டியை அனுப்பிவிடுகிறவர் அக்கறை இல்லாதவரா?

பள்ளிகளின் பங்கும் இதில் பெரிது. மூன்று மணி நேர விழாவில் ஒரு பிள்ளை மேடையில் நிற்பது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடம் ஏறக்குறைய எப்போது என்று பள்ளி முன்கூட்டியே சொன்னால், அரை நாள் லீவுக்குப் பதில் ஒரு மணி நேர பர்மிஷனில் முடியும். ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதிகளைக் கொடுத்தால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியும். வியாழன் காலை நிகழ்ச்சிக்குப் புதன் மாலை செய்தி அனுப்பிவிட்டு, வராத பெற்றோரைப் பற்றிக் குறைபடுவது நியாயமில்லை.

எண் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: சட்டம் எழுதியவர்களுக்கு எண் தேவைப்பட்டது, போட்டார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், பிள்ளையின் பள்ளி நடவடிக்கைகளுக்காகப் பெற்றோருக்கு ஆண்டுக்கு 40 மணி நேரம்வரை விடுப்பு தர வேண்டும், மாதத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கிடையாது. மாசசூசெட்ஸில் ஆண்டுக்கு 24 மணி. இல்லினாயில் ஒரு கல்வியாண்டுக்கு 8 மணி, ஒரே நாளில் நான்குக்கு மேல் இல்லை, அதுவும் ஆசிரியர் சந்திப்பு மாதிரியான கூட்டங்களுக்குத்தான், வேலை நேரத்துக்கு வெளியே அதை வைத்துக்கொள்ள வழியில்லை என்றால் மட்டும். ஐந்து வேலை நாளிலிருந்து ஒரே ஒரு வேலை நாள்வரை. பிள்ளையின் தேவை மாநில எல்லையில் மாறுவதில்லை. அந்த எண்கள் முதலாளிக்கும் பெற்றோருக்கும் நடந்த பேரத்தின் விலை.

பேரம் வீட்டுக்குள்ளும் நடக்கும். அம்மா, அப்பா இருவருமே ஒவ்வொன்றுக்கும் வர வேண்டும் என்பதில்லை, மாறி மாறி வரலாம். எப்போதும் அம்மாவே வந்துகொண்டிருந்தால் மட்டும் பிள்ளை அதைக் கவனிக்கும். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால், இரண்டு மூலையில் உட்கார்ந்து மேடையிலிருக்கும் பிள்ளையின் கண்ணை இரண்டு பக்கமும் இழுக்காதிருப்பது பெரிய உதவி. அக்காவுக்கு நான்கு, தம்பிக்கு நான்கு என்று சமன் செய்வதும் வேண்டாத வேலை. மேடையே பிடிக்காத தம்பிக்கு ஒன்று போதுமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது பள்ளி தொடங்கும் வாரத்திலேயே காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு மகளோடு உட்காருகிறோம். பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களை நாங்களே வட்டம் போட்டுவிடுகிறோம். மீதியில் மூன்றை அவள் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த மூன்றுக்கும் என்ன ஆனாலும் யாராவது ஒருவர் இருப்போம் என்பது பேச்சு. சென்ற ஆண்டு ஆண்டு விழாவைத்தான் முதலில் குறிப்பாள் என்று நினைத்தேன். நடனத்தில் முன்வரிசை, வாடகை உடை, எல்லாம் இருந்தது. அவள் விரல் அதைத் தாண்டிப் போய், பள்ளியின் பின்கட்டு வராந்தாவில் மேசை போட்டு நடக்கும் ஒரு சின்னக் கண்காட்சியில் நின்றது. ஏன் என்று கேட்டேன்.

“அன்னைக்கு நான் ஆடவும் மாட்டேன், பாடவும் மாட்டேன். மேசைக்குப் பின்னாடி நிப்பேன். நீங்க தெரியாதவங்க மாதிரி வந்து, இது எப்படி வேலை செய்யுதுன்னு கேக்கணும்.”